வாய் நிறையத் தண்ணீர்

அம்மாக்காரிக்கு ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் வேலை. பத்து வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அவளுக்குக் கேள்வியே தேவைப்படுவதில்லை. மூட்டையோடு ஒருவர் ஓடி வந்தால் "மூணாவது பிளாட்பாரம்." கையைப் பிசைந்துகொண்டு வந்தால் "நாப்பது நிமிஷம் லேட்டு." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வீட்டிலும் அதே கதைதான். புருஷன் வாயைத் திறப்பதற்குள் வண்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவன் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்ததோ வாயே திறக்காத பெண். எட்டு வயதாகிறது. வீட்டில் நாலு வார்த்தை பேசுவாள், வெளியில் அதுவும் கிடையாது. வகுப்பில் பாப்பாவை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுகிறார்கள் என்பது காதில் விழுந்த அன்று அம்மாக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்குப் பள்ளியிலிருந்து கடிதம் வேறு வந்தது. அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை மூன்று கேள்வி கேட்பாராம். பாப்பாவே பதில் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் மறுபடியும் அதே மூன்றாம் வகுப்புதானாம். கூட வருகிறவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்ற வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். யாரை மனதில் வைத்துப் போட்ட கோடு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மருந்துக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பேசிப் பழகும் வகுப்பு நடந்தது. விளையாடுகிறவர்களோடு எப்படிப் போய்ச் சேர்ந்துகொள்வது, அடுத்தவர் முடிக்கும்வரை எப்படிக் காத்திருப்பது, இதெல்லாம் அங்கே பாடம். நடத்துகிறவரைப் பிள்ளைகள் பேச்சு மிஸ் என்றார்கள். ஆனால் அதிகம் பேசாத மனுஷி. முதல் நாள் கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பாப்பாவிடம் பதினாலு கேள்வி கேட்டார். பதினாலுக்கும் பதில் வந்தது. எல்லாம் அம்மாக்காரியிடமிருந்து. அவளுக்குப் பச்சை நிறம்தான் பிடிக்கும், நாய் என்றால் பயம், பால் குடிக்கமாட்டாள் என்று ஒரு பட்டியலே போட்டாள்.

மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, வாய் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன பிறகு விழுங்கினால் போதும் என்றார். கற்றுக்கொள்ள வந்தது பிள்ளையா நானா என்று கேட்கத்தான் அம்மாக்காரி நினைத்தாள். அதற்குள் வாய் நிறைந்துவிட்டது.

மறுபடி முதல் கேள்வி. எந்த நிறம் பிடிக்கும்? பாப்பா வழக்கம்போல அம்மா முகத்தைப் பார்த்தாள். அங்கே கன்னம் இரண்டும் உப்பியிருந்ததே தவிர பதில் இல்லை. மூன்று நொடி, நாலு நொடி. அம்மாக்காரிக்குக் கால் தானாக ஆடத் தொடங்கியது. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பதினோராவது நொடியில் பாப்பா சொன்னாள், "மஞ்சள்."

பச்சை இல்லை, மஞ்சள். தான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பச்சைப் பையும் பச்சைக் குடையும் பச்சைச் செருப்பும் அம்மாக்காரியின் கண்முன் வந்து நின்றன.

"உங்க பொண்ணுகிட்ட பதில் இல்லாம இல்லம்மா," என்றார் மிஸ். "அது கிளம்பி வர பதினோரு செகண்ட் ஆகுது. அதுக்குள்ள நீங்க வந்துடறீங்க."

அம்மாக்காரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடி ஓடி உதவி செய்ததாகத்தானே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டிலும் தண்ணீர் வைத்தியம் நடந்தது. புருஷனுக்குக் கொண்டாட்டம். இந்த மிஸ்ஸைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்திருக்க வேண்டும் என்றான். தண்ணீர் மட்டும் வாயில் இல்லாமல் இருந்திருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான். ஆனாலும் பிறவிக் குணம் அவ்வளவு லேசில் போகுமா? ஒருநாள் எழுதுபொருள் கடையில், எந்தப் பென்சில் வேண்டும் பாப்பா என்று கடைக்காரர் கேட்டார். அம்மாக்காரி ஆறு நொடி தாங்கினாள். ஏழாவது நொடியில் மடக்கென்று விழுங்கி, எச்.பி. பென்சில் ரெண்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பாப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. அது அப்படியே மெல்ல மூடிக்கொண்டது. அந்தப் பாதி வாய் அவளை ஒரு வாரம் உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை. கவுண்டரில் கூடப் பயணிகள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். உடம்புக்கு முடியலையா என்று பக்கத்துக் கவுண்டர்க்காரர் விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியை அறைக்கு வெளியே இருந்த குழாயில் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அம்மாக்காரி பாப்பாவோடு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியைக்கு அன்று தலைக்கு மேல் வேலை. எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நொடிதான் பொறுத்தார். இடைவேளையில் யாரோடு விளையாடுவாய் என்றார். அதற்கும் நாலு நொடி. பள்ளியில் எது பிடிக்காது என்று மூன்றாவதையும் கேட்டுவிட்டார். பதினோரு நொடி கொடுங்கள், வந்துவிடும் என்று சொல்ல அம்மாக்காரிக்கு நெஞ்சு துடித்தது. சொல்ல வேண்டுமானால் விழுங்க வேண்டும். விழுங்கினால் பாப்பாவின் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை பாப்பாவின் ஃபைலை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. வீட்ல பேசுவாளா?"

அம்மாக்காரி கன்னம் உப்ப, கண் கலங்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னம்மா இது, குடும்பமே இப்படித்தானா?"

இதற்கு அவளிடம் நல்ல பதில் இருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை, நாக்கின் நுனியில், தண்ணீருக்கு அடியில். ஆனாலும் விழுங்கவில்லை.

"அம்மா வாயில தண்ணி இருக்கு," என்றாள் பாப்பா.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணியா? எதுக்கு?"

இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். மேலே விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.

"நான் பேசறதுக்கு," என்றாள் பாப்பா. கொஞ்சம் பொறுத்து, "கணக்கு பிடிக்கும்," என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இடைவேளைல யாரும் இல்ல. நானும் வரட்டுமான்னு கேக்கணும். பேச்சு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. இன்னும் கேக்கல."

அம்மாக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. இது அவளுக்குத் தெரியாத சங்கதி. பிள்ளைக்கு நிறைய சிநேகிதிகள் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை நாள் பதில் சொல்லியிருந்தாள். இனி தாங்காது, விழுங்கிவிடலாம் என்று தலையை நிமிர்த்தினாள்.

பாப்பா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னும் முழுங்காதம்மா. நான் இன்னும் முடிக்கல."

தலைமையாசிரியை மூடிய ஃபைலை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.