நீக்கிலாப்பிள்ளையின் வீடு தள்ளப்பட்ட விபரம்

பிரெஞ்சு பேசும் பனி நகரத்தின் வில்லரேப் பகுதியில் நீக்கிலாப்பிள்ளையின் வீட்டைப் பனி தள்ளும் வண்டி முதன்முதலாகப் பதினோரு அடி தள்ளி வைத்தது 2019 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு. அன்று குளிர் மைனஸ் பத்தொன்பது. தமிழ்க் கடையில் வெண்டிக்காய் றாத்தல் நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம். வீடும் பெரிய வீடு அல்ல. நூறு வருடத்துக்கு முன் கூலிக்காரர் குடியிருக்கக் கட்டிய ஒற்றைத் தட்டு வீடு. சப்பாத்துப் பெட்டி என்று ஊரார் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள் நிற்க, நடுவில் யாரோடும் ஒட்டாமல் கிடந்தது. தள்ளியபோது மேசையிலிருந்த கோப்பையில் தேநீர் தளும்பவில்லை என்று நீக்கிலாப்பிள்ளையின் மனைவி யோசெப்பின் சொல்கிறாள். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தேவையான அளவு நீண்டு கொடுத்தன. அது எப்படி என்று அந்தந்தத் துறைக்காரரே இன்றுவரை கேட்கவில்லை. நமக்கென்ன வந்தது?

யோசெப்பினின் சிறுநீரகங்கள் இரண்டும் 2013இல் வேலையை விட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். ஒரு தவணை தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி டொக்டர் வாய் திறப்பதில்லை. சக்கர நாற்காலியோடு அவளை ஏற்றிப்போக ஒரு வான் வரும். கோடையில் ஒரு குறையும் இல்லை. மாரி வந்தால்தான் சனியன் பிடிக்கும். பனி தள்ளும் வண்டி வந்து தெருவின் நடுவை நாக்கால் நக்கியதுபோல் வழித்து, வழித்ததை எல்லாம் வாசல்களில் இடுப்பளவு வரம்பாகக் கட்டிவிட்டுப் போகும். நீக்கிலாப்பிள்ளை பனி வாரும் சவளை எடுத்து வரம்பை வெட்டுவார். வெட்டி முடித்து முதுகை நிமிர்த்தும்போது அதே வண்டி இரண்டாம் முறை வரும். வான் சாரதி வரம்பைப் பார்ப்பான், மணிக்கூட்டைப் பார்ப்பான், விதிப்படி ஐந்து நிமிடம் நிற்பான், போய்விடுவான். கைபேசியில் நகரசபையின் வரைபடத்தைப் பார்த்தால் அந்தத் தெரு பச்சை நிறத்தில் இருக்கும். பச்சை என்றால் பனி அகற்றப்பட்டது என்று அர்த்தம். நெஞ்சு வரை பனியில் நின்றுகொண்டு நீக்கிலாப்பிள்ளை அந்தப் பச்சையைப் பார்த்த நாட்களும் உண்டு.

பனி வண்டிச் சாரதியை அவர் ஏசாத நாள் இல்லை. பிரெஞ்சு அவருக்கு வராது, ஆங்கிலத்தில் ஏசினால் காரம் காணாது. ஆகவே மன்னார்த் தமிழில், சாரதியில் தொடங்கி அவனுடைய பரம்பரை வரை ஒருவரையும் விடாமல் ஏசினார். கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்த சாரதி, கண்ணாடிக்குள்ளிருந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவான். ஏச்சுக்குப் பனி உருகாது என்று தெரிந்ததும் அவர் பெட்டிசம் என்ற மனுவுக்கு வந்தார். மன்னார்க் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்தவர். பெட்டிசம் வாங்கியும் எழுதியும் பழகிய கை. ஆறு மாரியில் பதினேழு பெட்டிசம் போட்டார். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் சஜிதா அவற்றைப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுத்தாள். ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்ற கடைசி வரியை மட்டும் வெட்கத்தில் விட்டுவிடுவாள். பிரதிகள் மேயருக்கும், பாராளுமன்ற உறுப்பினருக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று ஆயருக்கும் போயின. பதினேழுக்கும் ஒரே பதில் வந்தது: தங்கள் தெரு பச்சை.

2019 பிறந்த கையோடு யோசெப்பினுக்கு அடுத்தடுத்து இரண்டு தவணை தவறியது. படுக்க முடியாமல் கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சுக்காகப் போராடினாள். நீக்கிலாப்பிள்ளை பயந்துபோனார். நாற்பத்தாறு வருடக் கலியாணத்தில் அவள் இல்லாத வீட்டை அன்றுதான் நினைத்துப் பார்த்தார். உடனே கச்சேரியில் கற்ற கடைசி வித்தையை எடுத்தார். பேனையை இடக்கையில் பிடித்து, யார் எழுதியது என்று தெரியாதபடி, தன் வீட்டுக்கு எதிராகத் தானே ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினார். இன்ன இலக்க வீடு தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது, பனி அகற்றும் அரச கருமத்துக்கு இடைஞ்சல் செய்கிறது, அதில் இருக்கும் கிழவனும் சரியான ஆள் இல்லை.

“அப்பா, உங்கடை வீட்டைப் பற்றி நீங்களே எழுதிறதோ?” என்று சஜிதா தலையில் கை வைத்தாள்.

“நீ பேசாமல் இரு. கையெழுத்து வைச்சால் மேசை லாச்சிக்குள்ளை போடுவாங்கள். மொட்டைக்குத்தான் ஆள் வரும். வாறவன் இந்த வரம்பிலை ஏறி விழட்டும், அப்ப தெரியும்.”

கணக்கு பாதி சரியாக வந்தது. நாலாம் நாளே நகரசபையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வரம்பில் ஏறினார், சறுக்கி விழுந்தார், எழும்பிப் பனியைத் தட்டினார், அளவு நாடாவை எடுத்தார். ஆனால் அளந்தது வரம்பை அல்ல, வீட்டை. பெட்டிசத்தில் கண்டதெல்லாம் உண்மை என்றும், பனிக்கு இடைஞ்சலானதைப் பனியோடு சேர்த்துத் தள்ளலாம் என்றும் கட்டளை வந்தது. வாழ்நாளில் எழுதிய பெட்டிசங்களில் முழுதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இது ஒன்றுதான் என்பதில் நீக்கிலாப்பிள்ளைக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

இருபத்திரண்டாம் திகதி காலை வண்டியின் முன்தகடு வீட்டுச் சுவரில் வந்து முட்டியது. அவர் பெனியனோடு வெளியே ஓடிவந்து ஏசத் தொடங்கினார். அன்றுதான் சாரதி கதவைத் திறந்து கீழே இறங்கி முகத் துணியை இழுத்துவிட்டான்.

“ஐயா, கொஞ்சம் மெதுவா ஏசுங்க. ஆறு வருசமா எல்லாம் விளங்கித்தான் இரிக்கு.”

பெயர் குலேந்திரன், ஊர் மட்டக்களப்பு. நீக்கிலாப்பிள்ளை ஆறு வருடத்தில் சொன்னதையெல்லாம் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஓட்டியிருக்கக் கூடாது.

“கொம்மாவைப் பற்றிச் சொன்னதை மனசிலை வைச்சிராதை, தம்பி.”

“அவ சுகமா இரிக்கா ஐயா.”

“அப்ப ஏன் என்ரை வாசலை அடைக்கிறாய்?”

“உங்கட வாசலில தகட்டத் தூக்கினா, அந்தப் பனி அடுத்த வாசலுக்குத்தானே போகும்? அவர் ஏசுவார். என்ர ரூட்டில ரெண்டாயிரம் வாசல் இரிக்கு. ஆருக்குத் தூக்கிற, ஆருக்கு விர்ற?”

நீக்கிலாப்பிள்ளை ஒதுங்கி வழிவிட்டார். குலேந்திரன் ஏறிப்போய் வீட்டைப் பதினோரு அடி தள்ளினான். வாசலில் வழமையான வரம்பையும் கட்டிவிட்டுப் போனான்.

அதன்பின் ஒவ்வொரு பெரும் பனிக்கும் வீடு பதினோரு அடி கிழக்கே போயிற்று. பனி உருகியதும் நின்ற இடத்தில் நிற்கும். அடுத்த மாரியில் அங்கிருந்து புறப்படும். தபால்காரி முதல் வருடம் முறைத்தாள், இரண்டாம் வருடம் பழகிவிட்டாள். இடம் மாறின வீட்டைத் திரும்ப ஆசீர்வதித்து மந்திரிக்க வேண்டுமா என்று கேட்டதற்குப் பங்குத் தந்தை, மந்திரித்தது வீட்டைத்தான், காணியை அல்ல என்று சொல்லி விஷயத்தை முடித்தார். 2021ஆம் வருடக் கோடை முழுவதும் வீடு அக்னெஸ் என்பவளின் யன்னலுக்கு நேர் முன்னால் நின்றது. அதே பங்கைச் சேர்ந்தவள், தனியாக இருப்பவள். தெருவைப் பார்த்திருந்தவள் அன்றிலிருந்து யோசெப்பினின் அடுப்பைப் பார்த்திருந்தாள், உப்புக் குறைவு என்று யன்னலாலேயே சொன்னாள். இவ்வளவும் நடந்து ஆன பயன் என்ன? ஒன்றும் இல்லை. வீடு போன இடமெல்லாம் வரம்பும் கூடவே போயிற்று, வான்காரன் ஐந்து நிமிடம் நின்றான், கிழவர் சவளோடு நின்றார், தெரு பச்சையாக இருந்தது.

2025 பெப்ரவரியில் நாலு நாளுக்குள் எழுபது சென்ரிமீற்றர் கொட்டியது. வியாழன் வான் வரவில்லை. சனி மூலை வரை வந்து திரும்பியது. ஞாயிறு மறுபடி கொட்டியது. திங்கள் காலை யோசெப்பினின் உதடு நீலம் பாரித்து, பேச்சு ஒரு சொல்லோடு நின்றது. கூப்பிட்ட அம்புலன்ஸ் இரண்டு தெருவுக்கு அப்பால் பனிக்குள் புதைந்து கிடந்தது. சஜிதா சென்ட் லோரன்டில் அகப்பட்டுக்கொண்டு தொலைபேசியில் அழுதாள். பத்து மணிக்குக் குலேந்திரனின் வண்டி வந்தது. நீக்கிலாப்பிள்ளை நடுத்தெருவில் நின்றார், கையில் சவள் இல்லை, வாயில் ஏச்சு இல்லை. அதைக் கண்டு குலேந்திரன்தான் பதறிப்போனான்.

“என்ன ஐயா, இண்டைக்கு ஏசல்லயா?”

“தம்பி, அவளுக்கு ஏலாமல் கிடக்கு. ரெண்டு தவணை தவறிப்போட்டுது. நான் உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

குலேந்திரன் வரம்பைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், முன்னாலிருந்த திரையில் தன் ரூட்டைப் பார்த்து அதை அணைத்தான்.

“வாசல வெட்டி அம்மாவ வெளியில எடுக்கிறத்துக்கு நேரம் காணாது. வீட்டோடயே போவம். உள்ளுக்க போய் அவவப் புடிச்சிக்கங்க.”

அப்படித்தான் அந்த வீடு ஆஸ்பத்திரிக்குப் போனது. நாலு கிலோமீற்றர். சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்ததும் இடது பக்கம் திரும்பியது. உள்ளே நீக்கிலாப்பிள்ளை ஒரு கையால் மனைவியையும் மறு கையால் சுவரிலிருந்த மடு மாதா படத்தையும் பிடித்திருந்தார். பாதி வழியில், மாதா தன்னைத் தானே பார்த்துக்கொள்வா என்று முடிவெடுத்து, இரண்டு கையாலும் யோசெப்பினைப் பிடித்தார். ஒரு வீட்டின் அகலத்துக்கு வழித்த பனி இரண்டு பக்கமும் நெஞ்சளவு குவிந்து, வழியிலிருந்த வாசல் அத்தனையையும் அடைத்தது. சனம் வெளியே வந்து பிரெஞ்சிலும் கிரியோலிலும் பஞ்சாபியிலும் தமிழிலும் ஏசியது. தமிழில் ஏசியது அக்னெஸ். எல்லாம் நியாயமான ஏச்சு என்று நீக்கிலாப்பிள்ளை மனதாரச் சொல்கிறார்.

அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வீடு நின்றது. வாசலிலிருந்து இயந்திரம் இருக்கும் அறைக்கு நாற்காலி உருண்டது ஒரு நிமிடம்கூட இல்லை. மெலனி என்ற தாதி, “பொன்ஜூர் மதாம் யோசெப்பின்” என்று சொல்லி ஊசியை ஏற்றினாள். இன்னும் அரை நாள் பொறுத்திருந்தால் ஊசிக்கு வேலை இருந்திராது என்று பிறகு தனியாகச் சொன்னாள். நீக்கிலாப்பிள்ளை நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்று, சத்தம் வராமல் அழுதார். மூன்றாம் மணித்தியாலத்தில் யோசெப்பின் கண்ணைத் திறந்தாள்.

“வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?”

நீக்கிலாப்பிள்ளை யன்னலால் எட்டிப் பார்த்தார். “இல்லை, திறந்துதான் கிடக்கு. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரட்டோ?”

“அரைக் கோப்பை காணும். டொக்டர் தண்ணியை அளந்துதான் குடிக்கச் சொன்னவர்.”

அவர் இறங்கிப்போய் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் யாரோ ஒருவர் கதவில் பார்க்கிங் தண்டச் சீட்டை ஒட்டியிருந்தார்.

மாரி நாட்களில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்குக் குலேந்திரனின் வண்டி தள்ள வீடு புறப்பட்டுப் போய், பின்னேரம் அன்றைய பனியோடு திரும்பி வருகிறது. வழியில் வாகனம் நிறுத்தக் கூடாது என்று நகரசபை செம்மஞ்சள் பலகையும் வைத்துவிட்டது. தன் வாசல் அடைபடுகிறது என்று வீட்டுக்கு எதிராக அக்னெஸ் இதுவரை ஒன்பது பெட்டிசம் போட்டிருக்கிறாள். வசனம் சரிதானா பார்த்துத் தரச்சொல்லி அவற்றை நீக்கிலாப்பிள்ளையிடம்தான் கொண்டுவருகிறாள். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகத் திருத்திக் கொடுக்கிறார். யோசெப்பினுக்கு அதற்குப் பிறகு ஒரு தவணையும் தவறவில்லை.