கீழ் மெத்தை, மேல் மெத்தை

சிங்கப்பூரில் எங்கள் தேக்கா புளோக்கில் யார் வீட்டுச் சுவரை உடைத்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. என் வீட்டு இரும்புக் கேட் லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய.

பக்கத்து வீட்டு நஃபீசா ரெனொவேஷன் செய்யப் போகிறார் என்பதும், எதற்காகச் செய்கிறார் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். அவருடைய ஒரே மகள் இன்ஷாவுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. நஃபீசா நாகூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அவர்கள் ஊர்ப் பக்கம் பெண், தாய் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அவருக்கென்று ஓர் அறை இருக்கும். மாப்பிள்ளை அர்ஃபானின் அம்மா நஸீஹாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நிறையப் பேச்சுக்குப் பிறகு, "அறையை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். அறை பிடித்தால் இன்ஷா தேக்காவில். பிடிக்காவிட்டால் பாசிர் ரிஸ்ஸில், மாமியார் வீட்டில். நஃபீசா அந்த ஒரு அறைக்காக முழு வீட்டையும் பெயர்க்கத் துணிந்தார்.

நஃபீசாவின் சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொண்டுபோனால், தட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்த பிறகுதான் மேசையில் வைப்பார். என் கண் முன்னாலேயே துடைப்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுச் சமையலறை அலமாரியை வேலையாட்கள் நகர்த்தியபோது நானும் எட்டிப் பார்த்தேன். பின்னால் சுவர் முழுக்கப் பழுப்பு எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிக்கொண்டு கரப்பான் முட்டைகள், எந்தக் காலத்திலோ விழுந்து கல்லாகிப்போன ஒரு ரொட்டித் துண்டு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தட்டுத் துடைப்பை நினைத்துக்கொண்டு ஒருவாறு சாப்பிட்டேன்.

சாமான்களை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கணவர் சேக் தாவூது பணமாற்றுக் கடை வைத்திருக்கிறார். சண்டை போடத் தெரியாத மனிதர். வாடகைக் கிடங்கு ஒன்று பார்த்துவிட்டு வந்தார். குளிர்சாதனம், காமிரா, தனித் தனிப் பூட்டு. நஃபீசா முகத்தைச் சுளித்துக்கொண்டார். யார் யாருடைய அழுக்குச் சாமானோ அடுத்த அறையில் கிடக்கும், அந்தக் காற்று தன் கட்டிலில் படவேண்டுமா என்று கேட்டார்.

கட்டில் என்றால் சாதாரணக் கட்டில் இல்லை. அவருடைய கல்யாணத்துக்குச் செய்த தேக்குக் கட்டில், கப்பலில் வந்தது. தலைமாட்டில் கொடியும் பூவுமாகக் குடைந்து குடைந்து வேலைப்பாடு. மாப்பிள்ளை அறைக்கு அதுதான் என்று முடிவு.

கடைசியில் சாமான்கள் எல்லாம் தாவூதின் தம்பி ஹனீபாவிடம் போயின. ஹனீபாவுக்கு ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை. பழைய கடைவீடு, பின்கட்டு முழுக்க இடம் சும்மாதான் கிடக்கிறது. நஃபீசா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கட்டிலைத் தரையில் வைக்கக் கூடாது, எலி வரும், மழைத் தண்ணீர் வரும்.

லாரி போன மறுநாள் அவர் ஹனீபாவுக்கு ஃபோன் செய்தார். அண்ணியை ஹனீபா 'மச்சி' என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குள் சுவர் உடைக்கிற ஹேக்கிங் சத்தம் என்பதால் தாழ்வாரத்தில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நானும் அங்கேதான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கட்டில் எங்க தம்பி இருக்கு?"

"மெத்தையில வச்சிருக்கேன் மச்சி. ஒரு கீறல் விழாது."

"கீழ இல்லையே?"

"கீழயும் மெத்தை, மேலயும் மெத்தை. ரெண்டுக்கும் நடுவுல வச்சு இறுக்கிக் கட்டிட்டேன். கவலைய விடுங்க லா."

நஃபீசாவின் முகம் அப்படியே மலர்ந்தது. ஹனீபா கடைக்கு மேலே இரண்டு மெத்தை இருக்கிறதாம், நடுவில் காற்றோட்டமாகத் தனி இடமாம் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் திருச்சிப் பக்கம் மெத்தை என்றால் படுப்பது. மெத்தைக்கு நடுவில் காற்றோட்டம் எப்படி வரும்? ஏதோ அவர்கள் வீட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். படுப்பதை நஃபீசா எப்போதும் 'பெட்' என்றுதான் சொல்வார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலை இழுத்தடித்தது. தரை ஓடு மாறியது, அறைக்குப் பாலேட்டு நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். நஸீஹா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் கட்டில் வந்தது. ஹனீபாவே ஆட்களோடு வந்து பூட்டிக் கொடுத்தார். பளபளவென்றுதான் இருந்தது. தலைமாட்டுப் பூவேலையின் பள்ளங்களில் மட்டும் மிளகுத் தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ரெனொவேஷன் தூசி என்று நஃபீசா துணியால் ஒற்றி எடுத்தார். இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை வந்தது. புதுப் பெயிண்ட் என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். புதுப் பெயிண்ட் வாடை எனக்குத் தெரியாதா?

புது பெட்டும் வந்து, புது விரிப்பும் விரித்து, சனிக்கிழமை இரவு இன்ஷாவை அதில் படுக்க வைத்தார்கள். கட்டில் ஆடுகிறதா என்று பார்க்கவாம்.

ஞாயிற்றுக்கிழமை நஸீஹா வந்தார். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தந்த நிறப் புடவை, பேச்சு அளவு. நஃபீசாவின் கோப்பைகள் இன்னும் பெட்டிக்குள் இருந்ததால் என் வீட்டுக் கோப்பைகளை நான்தான் கொண்டுபோனேன். ஆகவே நான் அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு.

அறையைச் சுற்றிப் பார்த்தார். சன்னலைத் திறந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைத் தடவினார். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். நஃபீசா கண்ணை மூடித் திறந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் தூசி தின்றார்.

அப்போது இன்ஷா டீ கொண்டுவந்தாள். கோப்பையை நீட்டிய கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள்.

"இது என்னம்மா?"

"பெயிண்ட் அலர்ஜி போல மாமி. Morning எழுந்ததிலேருந்து அரிக்குது."

நஸீஹா கோப்பையைக் கீழே வைத்தார். இன்ஷாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவையும் ஹேர்பின்னையும் எடுத்து, தலைமாட்டுப் பூவுக்குள் பின்னை விட்டு மெல்ல நெம்பினார்.

முதலில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உதிர்ந்தது. அப்புறம் வந்தன மூட்டைப்பூச்சிகள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கொத்து. இரத்தம் குடித்து உருண்டு, நடக்க முடியாமல் நடந்து, பாலேட்டுச் சுவரில் இரண்டு ஏறின. நஸீஹா டிஷ்யூவால் ஒன்றை நசுக்கினார். அழுகிய கொத்தமல்லி நாற்றம் அறை முழுக்கப் பரவியது. என் பல்லெல்லாம் கூசியது. நான் இதே கட்டிலில் வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கட்டில எங்க வச்சிருந்தீங்க?" என்று நஸீஹா கேட்டார். குரல் உயரவில்லை. தாவூது தம்பியைக் கூப்பிட்டார்.

ஹாலில் உட்கார்ந்து கட்லெட் தின்றுகொண்டிருந்த ஹனீபா, தன்னைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மெத்தையிலதான். நல்ல தடி மெத்தை. பக்கத்து ஹோட்டல்ல மாத்திட்டுத் தூக்கிப் போட்டாங்க, பின்சந்துல கெடந்துச்சு. எல்லாத்தையும் நானே உள்ள இழுத்துப் போட்டு, கட்டிலோட பிளாஸ்டிக் சுத்திக் கட்டினேன்."

நஃபீசா அவரையே பார்த்தார். "எங்க நாகூர்ல மெத்தைன்னா மாடிதானே தம்பி?"

"மாடியா? மாடியில பெயிண்ட் தின்னர் டின்னா கெடக்கு. மாடின்னா மாடின்னுதானே மச்சி சொல்லுவேன்."

தாவூது தம்பியையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. சுவரில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஜாலான் புசார் ஹோட்டல் மெத்தை. எத்தனை பேர் புரண்டு, வேர்த்து, எச்சில் வடித்த மெத்தை. அதை இரண்டு பக்கமும் வைத்து, காற்றுக்கூடப் புகாமல் பிளாஸ்டிக்கைச் சுற்றி, மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அடுத்த அறைச் சாமானின் காற்றுப் படக்கூடாது என்றவரின் கட்டிலை.

நஃபீசா தட்டுத் தடுமாறிப் பேசினார். கட்டிலை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாம், மருந்தடிக்க ஆள் கூப்பிடலாம், அறை முழுவதையும் மறுபடி செய்யலாம் என்றார். நஸீஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த டிஷ்யூவை நான்காக மடித்து, தூக்கி எறியாமல், கைப்பைக்குள் வைத்தார். சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன். மகனிடம் காட்டத்தான், வேறு எதற்கு.

"செய்யுங்க சம்பந்தி, வேணாங்கல. ஆனா புள்ளைங்க எங்க வீட்லயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். தொடாத டீயை வைத்துவிட்டு, லிஃப்டுக்கு முன்னால் நின்று புடவையை மூன்று முறை உதறினார். என் கேட்டுக்கு நேராக உதறினார். அந்தக் கோப்பைகளை நான் வெந்நீரில் போட்டேன். மனசு ஆறாமல் பிறகு வீசிவிட்டேன்.

நிக்காஹ் நன்றாகத்தான் நடந்தது. இன்ஷா பாசிர் ரிஸ்ஸுக்குப் போய்விட்டாள். கட்டிலைத் துண்டு துண்டாக்கிப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். நஃபீசா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். மாப்பிள்ளை அறையில் இப்போது பிரிக்காத பெட்டிகள் கிடக்கின்றன. பிரிக்க அவருக்குப் பயம். நான் பலகாரம் கொண்டுபோனால் தட்டை அப்படியே வாங்கி மேசையில் வைத்துவிடுகிறார். துடைப்பதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டிலைப் பார்த்ததைவிட என்னவோபோல் இருக்கிறது.

போன வாரம் ஹனீபா லிஃப்டில் வந்தார். எங்கள் சமையலறையை மாற்றப்போவதாக என் வீட்டுக்காரர் சூசைநாதன் காப்பிக்கடையில் உளறியிருக்கிறார்.

"சாமான் வைக்க இடம் வேணுமா அக்கா?" என்று கேட்டார் ஹனீபா. "அந்த மெத்தையெல்லாம் அப்படியேதான் இருக்கு."

நான் இரும்புக் கேட்டைச் சாத்தினேன். அன்று முழுக்க என் முதுகில் எங்கோ அரித்துக்கொண்டே இருந்தது.