கதவு திறக்கேல்லை

மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சை நான் முதலில் கேட்டது ஸ்காபரோவில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வகுப்பு. ஜோசப்பின் என்ற ஆசிரியை கசற்றைப் போட்டுவிட்டு, விளங்காவிட்டாலும் கேளுங்கள் என்றாள்.

விளங்கவில்லை. கனவு என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அந்த மனிதர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு எங்கோ போனார். திரும்பி வந்து அதையே சொன்னார். மறுபடி போனார். பிறகு ஒருமுறை, அவர் மூச்சு எடுத்த இடைவெளியில், எனக்குப் பக்கத்தில் இருந்த வியட்நாமியக் கிழவர் அந்த வசனத்தை அவருக்கு முந்திச் சொன்னார். கிழவருக்கு ஆங்கிலத்தில் தன் பெயர்கூட எழுதத் தெரியாது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இதை யாருக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

1983 ஜூலையில் நானும் என் கணவர் பாக்கியராசாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்தோம். கலியாணம் முடித்துப் போன புதிது. தமிழர் கடைகளை எரித்துக்கொண்டு கூட்டம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது அவர் என்னைப் பின்மதிலுக்கு மேலால் தூக்கி அடுத்த வளவுக்குள் இறக்கினார். தான் ஏற நேரமில்லை. முன்பக்கம் ஓடி எதிர்வீட்டு இரும்புக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள். மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர் தமிழர். என் கணவரோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"இராஜரட்ணம் அண்ணை, கதவைத் திறவுங்கோ."

இரண்டு வீடுகளுக்கு இடையால் தெருவும் அந்த மேல்மாடி யன்னலும் எனக்குத் தெரிந்தன. யன்னல் சீலை விலகியது. அவருடைய முகம். சீலை மூடியது. மிச்சத்தையும் பார்த்தேன்.

மூன்று வருடம் கழித்து இராஜரட்ணம் ரொறன்ரோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு ஜூலையும் நினைவுக் கூட்டத்தில் பேசுவார். அடுக்குமொழி, நீண்ட இடைவெளி, கைதட்டல். வெளியே வரும்போது எல்லோரும் நல்ல பேச்சு என்பார்கள். என்ன சொன்னார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் ஓரிரு முறைதான் கண்டிருப்பார். 1986 ஜூனில் அவரே எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தங்கச்சி தவமணியோ? இந்த முறை ஒரு சகோதரி விளக்கேத்தினா நல்லாயிருக்கும். கலவரத்தில துணையை இழந்த ஆள்."

எங்கே, எப்படி இழந்தேன் என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு விதவையிடம் அதைக் கேட்பதில்லை. அது மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் இரண்டு வருடம் அவருடைய கூட்டங்களுக்குப் போய் முன்வரிசையில் இருந்தேன்.

"ஏத்துறன் அண்ணை. ஒரு அஞ்சு நிமிசம் பேசவும் வேணும்."

அவர் சிரித்தார். "அஞ்சு நிமிசமோ? எங்கட ஆக்கள் மைக்கைப் பிடிச்சா லேசில விடமாட்டினம். சரி, பேசும். பயந்தா கடைசி வரிசையைப் பார்த்துப் பேசும். அதுதான் என்ர ரெக்னிக்."

நூலகத்தில் கிங்கின் அந்தக் கசற்றை இரவல் எடுத்தேன். ஒஷாவாவில் வேலை. பஸ்ஸில் போகவும் வரவும் கேட்டேன். சொற்களை விட்டுவிட்டு மனிதரைக் கேட்டேன். அவர் மெதுவாகத் தொடங்கினார். கோபப்பட அவசரப்படவில்லை. திரும்பத் திரும்ப வரும் வசனம் சின்னது. சனம் அதை வாங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்கிய பிறகு அது அவருடையது இல்லை.

டோர்செட் பார்க்கில் என்னோடு அறை பகிர்ந்தவள் பரிமளம். நான் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கென்ன விசரே? கதவு, கதவு எண்டு. தச்சுவேலைக்குப் போகப்போறியோ?"

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் இருந்துவிட்டாள்.

"அப்ப நேர எழும்பிச் சொல்லன். உந்தாள்தான் எண்டு."

"சொன்னா என்ன சொல்லுவினம்? அந்த நேரம் ஆர்தான் திறந்திருப்பினம், பாவம், அந்தாளுக்கும் பிள்ளையள் எண்டுவினம். தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டை போவினம்."

"அது சரிதான்."

"அவையின்ர வாயாலதான் வரவேணும். முதல் வசனம். பேர் பிறகு."

மறுநாள் பரிமளம் வெங்காயம் வெட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். சட்டென்று நிறுத்தினாள். "சனியன், உது என்ர வாயிலயும் ஒட்டிப்போச்சு."

அதற்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகத் தேவை இருக்கவில்லை.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெளியே நல்ல வெயில். மேடையில் நீள மேசை, நடுவில் தலைவர். முதல் வரிசையில் அவருடைய மனைவி புஸ்பராணி. நான் விளக்கேற்றினேன். அகவணக்கம் முடிந்தது. "துயரையே துணையாகக் கொண்ட எங்கள் சகோதரி" என்று அவர் என்னை அறிமுகம் செய்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

"நான் பேச்சாளர் இல்லை," என்றேன். "கதவுகளைப் பற்றி மட்டும் சொல்லுறன். அண்டைக்கு ஆக்கள் பொலிசுக்கு ஓடிச்சினம். கதவு திறக்கேல்லை."

குரலை உயர்த்தவில்லை.

"பஸ்ஸை மறிச்சினம். கதவு திறக்கேல்லை. பிள்ளையைத் தூக்கிக் காட்டிச்சினம். கதவு திறக்கேல்லை."

மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"கோயிலுக்கு ஓடிச்சினம். எங்கட கோயில்." மூச்சு எடுத்தேன். நடுவில் ஒரு பெண் சொன்னாள்: "கதவு திறக்கேல்லை."

"சாமியின்ர பேரைச் சொல்லித் தட்டிச்சினம்."

இப்போது பாதி மண்டபம் சொன்னது. ஆண்களும் சொன்னார்கள். எனக்குப் பின்னால் ஒரு குரல் எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்டது. பழகிய குரல், பயிற்சி உள்ள குரல். திரும்பிப் பார்த்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர்.

அவர் மறந்திருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வெறுப்பு அப்போதுதான் முழுதாக வந்தது.

"வெள்ளவத்தையில ஒரு ஒழுங்கை. என்ர மனுசன் எதிர்வீட்டை ஓடினார். மேல்மாடியில இருந்தது தமிழ் ஆள்."

"கதவு திறக்கேல்லை."

"யன்னல் சீலை விலகினது. முகம் தெரிஞ்சுது."

"கதவு திறக்கேல்லை." எனக்குப் பின்னால் இருந்த குரல் இந்த முறை இல்லை.

"என்ர மனுசன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இராஜரட்ணம் அண்ணை, கதவைத் திறவுங்கோ."

"கதவு திறக்கேல்லை," என்றது மண்டபம். வாய் முந்திவிட்டது. காது பிறகுதான் வந்தது. ஒவ்வொரு தலையாக மேசையின் நடுவுக்குத் திரும்பியது.

அவர் எழுந்து வந்தார். நான் மைக்கை விட்டு விலகினேன். எனக்குப் பயம் அந்த இடத்தில்தான். முப்பது வருடமாக மேடை ஏறியவர். இரண்டு நிமிடம் கிடைத்தால் சனத்தைத் திருப்பிவிடுவார். என்னையும் அழவைத்துவிடுவார்.

"அன்புக்குரிய தமிழ்ப் பெருமக்களே," என்றார். வழமைபோல நிறுத்தினார்.

கடைசி வரிசையில் இருந்து பரிமளத்தின் குரல் வந்தது. "கதவு திறக்கேல்லை."

"அந்த நாட்கள் எத்தகைய நாட்கள் என்பதை..."

இந்த முறை பலர் அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

"எனக்கும் இரண்டு குழந்தைகள்..."

அது உண்மை. எல்லோரும் அதே வசனத்தைச் சொன்னார்கள். நிறுத்தி நிறுத்திப் பேசத்தான் அவருக்குத் தெரியும். நிறுத்திய இடமெல்லாம் இனி அவர்களுடையது. அவர் வேகமாகப் பேசிப் பார்த்தார். மூச்சுக்காக நின்றபோது மண்டபம் அந்த வசனத்தோடு காத்திருந்தது. யாரோ கதிரையில் தட்டத் தொடங்கினார்கள்.

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, நீர் சொன்னா நிப்பாட்டுவினம். ஒருக்காச் சொல்லும்."

நான் சனத்தின் பக்கம் திரும்பினேன்.

"பாக்கியராசா எனக்குத் தம்பி மாதிரி. சத்தியமா. ஒருக்காச் சொல்லும் பிள்ளை."

கீழே புஸ்பராணி எழுந்து நின்றாள். கைகளைக் கூப்பியிருந்தாள். "பிள்ளை, போதும், காணும். எங்களை விட்டிடு." சத்தத்தில் உதடுதான் தெரிந்தது. என்றாலும் விளங்கியது.

நான் என் கதிரைக்குப் போய் இருந்தேன். மேசையில் எனக்கென்று ஒரு சோடா வைத்திருந்தார்கள். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சோடாவைக் குடித்தேன். நல்ல குளிர்.