சிவசாமி திரும்பிப் பார்த்தார்

1

இந்தக் கதை தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கப்பட்டது. ஆவூர் மாதா கோவில் திருவிழா மலருக்கு எழுதச் சொன்னார் பங்குச் சாமியார். "கடவுள் நம்ம அன்பான தகப்பன், அதான் விஷயம். ரெண்டு பக்கம் போதும். படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்." தலையாட்டிவிட்டு வந்தேன். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, பரீட்சைத் தாளும் திருத்திவிட்டு உட்கார்ந்தால் கழுத்து வலிக்கிறது. தகப்பன், அன்பு என்று எதை எழுதப் போனாலும் கொட்டாவிதான் வருகிறது.

முதல் தொடக்கம்: 'பொன்னிறக் கதிரவன் ஆவூர்க் கோபுரத்தின் மேல்...' (அடித்துவிட்டேன். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: 'தகப்பன் என்பவன்...' (இதற்கு மேல் ஓடவில்லை.)

2

அப்புறம்தான் குளத்தூர் பஸ்ஸில் உபதேசியார் சந்தியாகு சொன்னது நினைவுக்கு வந்தது. புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேருகிறவர்களுக்கு மந்திரம், அதாவது செபம், சொல்லிக்கொடுக்கிறவர் அவர். 1957-இல் அவரிடம் பிரகதாம்பாள் என்று ஒரு பெண் வந்தாள். வல்லத்திராக்கோட்டைக்காரி. ஆவூர் வாத்தியார் அடைக்கலத்தைக் கட்டிக்கொள்வதற்காக வீட்டை விட்டு வந்தவள். ஞானஸ்நானம் வாங்கினால்தான் கோவிலில் கல்யாணம். அதற்குக் கோவில் வாசலிலிருந்து ஞானஸ்நானத் தொட்டி வரை மந்திரம் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும்.

மற்ற மந்திரங்களை எல்லாம் மளமளவென்று ஒப்பித்தாள். 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரமண்டல மந்திரத்தில் மட்டும் 'எங்கள்' என்பதோடு நின்றுவிட்டாள். 'பிதாவே' வரவில்லை.

"என்ன தாயி, நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"இல்லீங்க. பிதான்னா அப்பாதானுங்களே?"

"ஆமா."

"எனக்கு ஒரு அப்பா இருக்காருங்க."

(இந்த இடத்தில் அவளுடைய தகப்பனைக் கொடுமைக்காரனாக்கிவிடலாமா என்று யோசித்தேன். குடி, அடி, சூடு. கண் கலங்கும். ஆனால் சிவசாமி அப்படிப்பட்ட ஆள் இல்லை. காட்டிலிருந்து வரும்போது மகளுக்குப் பச்சைக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர். சிக்கலே அதுதான்.)

3

மகள் போனதும் சிவசாமி ஊருணியில் தலை முழுகினார், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. முழுகியவர் திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். பார்த்தால் உறவு அறாது என்பார்கள். துணிமணியை எடுத்துப் போக வந்த பிரகதாம்பாள் அப்போது அக்கரையில் நின்றிருந்தாள்.

"நாலு பேரு பாக்கத்தான் முழுகுனாருங்க. படியேறிப் போனாரு. மேல ஏறுனதும் இங்கிட்டுத் திரும்பிப் பாத்தாருங்க."

"ஒன்னையவா?"

"பின்ன யாரை? அந்த முழுக்கு செல்லாதுங்க. இப்ப நான் இன்னொருத்தரை அப்பான்னு கூப்புட்டு, தலையில தண்ணியும் ஊத்திக்கிட்டா, நானும் அவரைத் தலை முழுகுன மாதிரிதானே?"

அவள் விடவில்லை.

"ஒங்க பிதா எப்புடிங்க? தன்னையக் கும்புடாத எங்கப்பாவைத் தலை முழுகிட்டாரா? இல்ல, திரும்பிப் பாப்பாரா?"

"திரும்பிப் பாக்குறதத் தவிர அவருக்கு வேற வேலையே இல்ல தாயி" என்றார் உபதேசியார்.

(பொய். அது நான் அவர் வாயில் வைத்த வசனம். அவர் சொன்னது இது: "தெரியலையேம்மா. இதைச் சாமியார்ட்ட கேட்டுறாத, திருப்பி அனுப்பிருவாரு." மலருக்கு என் வசனம்தான் பிடிக்கும். எனக்கோ, அந்தக் களைத்த மனுஷன் தெரியலை என்று சொன்னதில்தான் ஆறுதலாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.)

4

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

சிவசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்து, கோவில் வாசலில் மகளைக் கட்டிக்கொண்டு... (வரமாட்டார். அவருக்கு ஊர் இருக்கிறது, ஊருக்கு வாய் இருக்கிறது.)

அவள் மந்திரமும் வேண்டாம் மாப்பிள்ளையும் வேண்டாம் என்று திரும்பிப் போகிறாள். (எங்கே போவாள்? அந்த வீட்டில் அவள் பேரைச் சொல்லவே ஆளில்லை. இங்கே அடைக்கலம் வேறு புது வேட்டியோடு நிற்கிறான்.)

அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள் மென்று ஏமாற்றிவிடுகிறாள். (நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் என்னைப் போல இல்லை.)

5

சந்தியாகு சொன்னது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்கு முன்னால். கதவு திறந்தே கிடந்தது. அப்போதைய சாமியார் முன்னே போனார், அவள் மந்திரம் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தாள். 'எங்கள்' என்று வந்ததும் நின்றுவிட்டாள். சாமியாரும் நின்றார். அவள் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். போச்சு என்று சந்தியாகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறப்பதற்குள் "பிதாவே" என்ற சத்தம் கோவில் முழுக்கக் கேட்டதாம்.

"வாசல்ல யாரும் நின்னாங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க பாத்தேன்? கண்ணைத் தொறந்தப்ப அவ தொட்டிகிட்டப் போயிட்டா. ஆனா மொகத்துல அழுகை இல்ல."

சாமியாருக்குச் சொல் வந்தால் போதும், தண்ணீரை ஊற்றிவிட்டார். பிரகதாம்பாள் இன்றும் ஆவூரில்தான் இருக்கிறாள். போய்க் கேட்கலாம். நான் கேட்கப் போவதில்லை. யாரும் இல்லாத வாசல் என்று அவள் சொல்லிவிட்டால் இந்த வயதில் என்னால் தாங்க முடியாது. சிவசாமி நின்றார் என்று சொன்னாலும் முடியாது.

கதையில் அந்தக் கோவில் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். எனக்குக் கழுத்து வலிக்கிறது. நீங்கள் திரும்பிப் பாருங்கள்.