வேர்த்த ஸ்லைடு

தையல்காரிக்குக் குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை போன மூன்றாம் நாள், ஆய்வுக்கூடத்து இழுப்பறையில் இருந்த அவளுடைய கண்ணாடி ஸ்லைடு வேர்க்கத் தொடங்கியது. புற்று உண்டா என்று பார்க்கக் கர்ப்பப்பை வாயிலிருந்து தடவியெடுத்து, சாயமேற்றி, பார்த்து முடித்து அடுக்கிய ஸ்லைடு. இழுப்பறைகளைக் காக்கும் கிழவர் பஞ்சால் துடைத்தார். துடைக்கத் துடைக்க நெற்றியில் பொடிப்பதுபோல் பொடித்தது. பக்கத்து ஸ்லைடுகளெல்லாம் சருகாய்க் காய்ந்து கிடந்தன.

அவருக்கு இது புதிதில்லை. பதினாறு வருடத்துக்கு முன்பு, குறையில்லை என்று காகிதம் வந்த பிறகு, அவர் மனைவியின் ஸ்லைடும் இப்படித்தான் வேர்த்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, ஏணி போட்டு ஓட்டை தேடினார். மூன்று வருடம் கழித்து மறுபடி வரச் சொன்ன தேதிக்கு, நல்லாத்தானே இருக்கு என்று அவரே அவளைப் போகவிடவில்லை. ஐந்தாம் வருடம் புற்று அவளைக் கொண்டுபோனது; வீட்டில் புழங்கும் தட்டு ஒன்றாகிவிட்டது. அதிலிருந்து காகிதத்தில் அச்சடித்த எதையும் அவர் நம்புவதில்லை, பஸ் டிக்கெட் உட்பட.

மைக்ராஸ்கோப் பார்ப்பவர் ஈரத்தைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார். “இதுல ஒண்ணுமில்ல பெரியவரே. நிஜமாவே இல்ல.” அவர் பொய் சொல்லவில்லை. கிழவர் பதிவேட்டில் முகவரி பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

தையல்காரி தனியாக இருப்பவள். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“நல்லாயிருக்குன்னு காயிதம் வந்தாச்சு. கண்ணாடி வேர்க்குதுன்னு திரும்பப் போய்ப் படுக்கணுமா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?”

“இல்ல. கண்ணாடியில ஒட்டினதைத்தான் காயிதம் சொல்லும்மா. எடுக்கும்போது ஒட்டாம விட்டுப்போனது அதுக்கெப்படித் தெரியும்?”

அவள் ஒரு பாவாடைக்கு முழுக்க ஓரம் அடித்து முடித்தாள். பிறகு, “கூட வர ஆளில்ல” என்றாள்.

“நான் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேன்.”

இரண்டாவது தடவை எடுத்ததில் அது இருந்தது. புற்று இல்லை, விட்டால் புற்றாகக்கூடிய மாற்றம் என்றார் டாக்டரம்மா. மாற்றம் வந்த சின்னத் துண்டை வெட்டியெடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அவளுடைய பழைய ஸ்லைடு காய்ந்தது.

யாரும் விசாரணை வைக்கவில்லை. பதிவேட்டில் வேர்வை என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார்கள், அவ்வளவுதான். வேர்த்தால் உடனே ஆளனுப்புகிறார்கள். வேர்க்காதவர்களையும் தேதி தவறாமல் வரச் சொல்கிறார்கள். மனைவியின் ஸ்லைடு இன்னும் வேர்க்கிறது. அதற்கு ஆளனுப்ப முகவரி இல்லை. கிழவர் பூட்டுமுன் அதைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார்.