ஒன்பதாம் இலக்கத்தில் இரண்டு பேர்

கண்டியில் நடந்த ஐந்து நாட்டுப் பெண்கள் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில், ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பேரை நிறுத்தியதற்காக இலங்கை அணி தண்டிக்கப்பட்டது. ஆறாவதாக நின்றவள் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பத்து மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் செத்துப்போனவள். எதிரணி மாலைத்தீவு. தண்டனையாகக் கிடைத்த ஒற்றை எறிதலை அவர்கள் தவறவிட்டதால் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நடுவர் விசிலை ஊதிவிட்டு எண்ணினார், ஆறு. மறுபடி எண்ணினார், ஐந்து. மேசையில் ஆட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மடவளை ரிஸ்னா டீச்சர் மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தார். ஒன்பதாம் இலக்கச் சட்டையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளைவிட அரைச் சாண் உயரம், அவள் காலில் சப்பாத்து இல்லை. அந்த வாரம் கண்டிச் சந்தையில் போஞ்சி விலை பாதியாக இறங்கியிருந்தது. ஊரில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஒன்பதாம் இலக்கம் நிஷாந்தியுடையது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் பிறந்து, பாடசாலை அணி, மாவட்ட அணி என்று படிப்படியாக ஏறி, தேசிய அணிக்கே அதிகப் புள்ளி எடுத்துக் கொடுப்பவளாக வந்திருந்தாள். லயத்து ஆட்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் கிடையாது. மூன்று தலைமுறையாகக் கொழுந்தைக் கூடையில் போட்ட சனம், கூடையில் போடுவதற்கு நம்ம புள்ளைக்குச் சொல்லித்தர வேணுமா என்று சிரித்தார்கள். அப்பா ராஜலிங்கம் மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி. அம்மா கஜலட்சுமி இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள். இருவரும் முதல் ஆட்டத்துக்கு வந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். சப்பாத்தில்லாதவளின் இடது மணிக்கட்டில் கருமணிக் காப்பு கிடந்ததை ராஜலிங்கம் கண்டார். அதைக் கோர்த்தது அவர்தான். மண்ணுக்குள் வைக்கும்போது கழற்ற மனம் வராமல் அப்படியே விட்டதும் அவர்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ராஜலிங்கத்தின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, வாய் கையிலிருந்த, மீன் அடைத்த மாலுப் பாணை அது பாட்டுக்குத் தின்று முடித்தது. தின்றதை நினைத்து அவர் அன்று முழுக்க வெட்கப்பட்டார்.

நடந்தது இதுதான். மூத்த பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பதிவும் அங்கேயே ஆனது. முப்பத்தோராம் நாள் ராஜலிங்கம் அதன் காதில் நிஷாந்தி, நிஷாந்தி, நிஷாந்தி என்று முறைப்படி மூன்று தடவை சொன்னார். பத்தாம் மாதம் அது இறந்தபோது ஏழாம் நம்பர் மலைக்கு மேலே கருப்பந்தேயிலை மரத்தடியில் புதைத்தார்கள். சாவைப் பதிவதென்றால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்கிற நாள் எந்தக் கலண்டரிலும் வருவதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு அடைமழையில் சின்னவள் லயத்துக் காம்பராவிலேயே பிறந்தாள். அந்தப் பிறப்பையும் பதியவில்லை. மூத்ததுக்குப் பேர் வைத்த கையோடு அது போய்விட்டதே என்ற பயத்தில் இவளுக்குப் பேரும் வைக்கவில்லை. பாப்பா என்றே கூப்பிட்டார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டபோது, ராஜலிங்கம் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதம் இருந்தது. வெளியே ஒரு பிள்ளை நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த லயத்தில் அது புதுக் காரியமும் அல்ல. பக்கத்துக் காம்பராக்காரர்கள், அலைச்சல் மிச்சம் என்றார்கள். கஜலட்சுமி மட்டும் அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் பூட்டானுக்கு எதிராகவும் ஆறு பேர். மூன்றாவதில் பங்களாதேஷுக்கு எதிராகவும் ஆறு பேர். ஒவ்வொரு தடவையும் ஒரு எறிதல் எதிரணிக்குப் போனது. பங்களாதேஷை ஒரே ஒரு புள்ளியால் வென்று இறுதிக்கு வந்தபோது, ஒன்பதாம் இலக்கத்தை இறக்கவே வேண்டாம் என்று நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது. அவளை இறக்காவிட்டால் நேபாளத்திடம் தோற்பது நிச்சயம். இறக்கினால் ஒரு புள்ளி தானம். யார் அந்த ஆறாவது ஆள் என்று எவரும் கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, எண்ணிக்கைக்குத்தான் இடம். ரிஸ்னா டீச்சர் மாத்திரம் ஆட்டம் முடிந்ததும் படியேறி வந்து ராஜலிங்கத்தின் பக்கத்தில் அமர்ந்தார்.

"ஐயா, கோவிச்சிக்காதீங்க. அறிவிப்பாளர் பேர வாசிச்சா மத்த எல்லாப் பேருக்கும் ஒவ்வொருத்தர் வாறாங்க. நிஷாந்தி எண்டா மட்டும் ரெண்டு பேர் வாறாங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சீக்கும்."

"தெரியும் டீச்சர்" என்றார் ராஜலிங்கம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

மறுநாள் காலையில் அவர் பதிவுக் கந்தோருக்குப் போனார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் மூத்தவள் நிம்மதியாகப் போய்விடுவாள் என்று நினைத்தார். அங்கே படிவங்களை நிரப்பும் அழகமுத்து என்ற லிகிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மழை வருமா என்று பார்ப்பவர்போல் யன்னலைப் பார்த்தார். இறந்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை, காகிதத்தைப் பற்றித்தான் கவலை. மரணத்தைப் பதிந்த நிமிடமே அந்தப் பெயரில் உள்ள அடையாள அட்டை, பாஸ்போட், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் இறந்தவருடையதாகிவிடும் என்று விளக்கினார். "அப்ப நாளைக்கு ஃபைனல் ஆடப்போற புள்ள யாருங்க?" என்று கேட்டார். செத்த பிள்ளையைச் சாக விட்டால் இருக்கிற பிள்ளை இல்லாமல் போகும். ராஜலிங்கம் மரணப் பதிவுப் படிவத்தை நிரப்பாமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். குளக்கரையில் நெடுநேரம் நின்றார். ஒருத்தியின் சாவைத் திருடி மற்றவளுக்குச் சோறு போட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று வீராங்கனைகள் உள்ளே போகும் வாசலில், சோற்றுப் பார்சலோடு கஜலட்சுமியும் நிற்க, அவர் சின்னவளிடம் சொல்லிவிட்டார். முழுவதும் சொன்னார். அவள் அழவில்லை. முதல் ஆட்டத்திலிருந்தே தன் இடதுபக்கம் யாரோ ஓடி வருவது அவளுக்குத் தெரியும். அது நல்ல ஓட்டம் என்று மட்டும் நினைத்திருக்கிறாள்.

"அப்ப எனக்கு என்ன பேருப்பா?" என்று கேட்டாள்.

கஜலட்சுமிதான் சொன்னாள்: "வயித்துல இருக்கயிலே துஷ்யந்தின்னு நெனச்சோம் பாப்பா."

"நெனச்சீங்க. காதுல சொல்லலியா?"

"சொல்லல."

அவள் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் ராஜலிங்கத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அரங்கம் நிறைந்திருந்தது. கெலிஓயாவிலிருந்தும் இரண்டு பஸ் சனம் வந்திருந்தது. அறிவிப்பாளர் நிஷாந்தி என்று வாசித்தார், வழக்கம்போல் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது சின்னவள் கோட்டருகில் குந்தி, தன் சப்பாத்து இரண்டையும் கழற்றி, அக்காவின் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து, நாடாவை இழுத்துக் கட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்தது. பிறகு வெறுங்காலோடு நடந்துபோய் மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கில் உட்கார்ந்தாள். நடுவர் எண்ணினார், ஐந்து. நேபாள அணியின் முகாமையாளர் ஆட்சேபித்தார். பாஸ்போட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். பெயர் சரி, பிறந்த திகதி சரி, முகமும் ஏறக்குறைய சரி. உண்மையைச் சொன்னால், அந்தப் பாஸ்போட் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியான ஆளின் கையில் இருந்தது.

மூத்தவள் நன்றாக ஆடினாள் என்று சொல்ல முடியாது, மோசமாக ஆடினாள் என்றும் சொல்ல முடியாது. பந்து எங்கே வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் கையில் வந்த பந்தைத் தட்டாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள், பத்து மாதத்தில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாதல்லவா. எதிரணிப் பெண்களைத் தள்ளவில்லை, கட்டிப்பிடித்தாள். அதுவும் தவறுதான். ஒவ்வொரு தவறுக்கும் விசில் கேட்டபோது ராஜலிங்கம் கூனிக் குறுகினார். கடைசி நிமிடம் தொடங்கும்போது இலங்கை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அப்போது அவளுக்கு ஐந்தாவது தவறு விழுந்தது, வெளியேற வேண்டியதாயிற்று. வாங்கிலிருந்து வெறுங்காலோடு சின்னவள் எழுந்து மேசைக்கு வந்தாள். ரிஸ்னா டீச்சர் முறைப்படி பெயர் கேட்டார். "துஷ்யந்தி" என்றாள் அவள், உரக்க, மேல்படிவரை கேட்கும்படி. டீச்சர் விரலை வைத்துப் பன்னிரண்டு பெயர்களையும் மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகவும் படித்தார். "மகள், இந்தப் பேர் இதில இல்லையே" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வேறொரு பிள்ளை உள்ளே போனது. அதன் கடைசி எறிதல் வளையத்தில் பட்டுத் திரும்பியது. நேபாளம் ஒரு புள்ளியால் வென்றது. அந்த ஒரு புள்ளி என்னுடையது என்று ராஜலிங்கம் சனத்துக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் பந்தயம் கட்டித் தோற்றதாக நினைத்தார்கள்.

வெள்ளிப் பதக்கத்தை மூத்தவள் மேடையேறி வாங்கினாள். அன்றே நாலு பேருமாக ஹந்தானை பஸ்ஸில் ஏறினார்கள், கொண்டக்டர் நாலு டிக்கட் கிழித்தார். மூத்தவள் அதற்குப் பிறகு வந்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. லயத்துக்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் சீனி இரவல் கேட்டு வந்தார்கள். பயிற்சி முகாமுக்கு இப்போது அவள்தான் போகிறாள். பந்தைத் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொடுப்பது தங்கைதான், லயத்துக்குப் பின்னால், கோழிகளுக்கு நடுவில். மூத்தவள் ராஜலிங்கத்தை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவர் வேலையால் வரும்போது கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். அந்தத் தண்ணீர் படும்போதெல்லாம் அவருக்குக் கை எரிகிறது. அவளுக்கென்று தனியாக ஒரு சோடி சப்பாத்து வாங்கி வந்தார். அவள் அதை வாங்கிப் பத்திரமாக அலுமாரியில் வைத்துவிட்டு, தங்கையினுடையதையே போடுகிறாள்.

அடுத்த மாதம் ராஜலிங்கம் மறுபடி பதிவுக் கந்தோருக்குப் போனார், இந்த முறை சின்னவளின் பிறப்பைக் காலம் கடந்து பதிய. பிள்ளைகள் இருவரும் வெளி வாங்கில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அழகமுத்து படிவத்தை எடுத்து முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

"மூத்த புள்ள உசிரோட இருக்கா?"

"இருக்குங்க ஐயா. போன மாசந்தான் வெள்ளிப் பதக்கம் வாங்குச்சு."

அழகமுத்து இருக்கிறது என்று எழுதினார். பிறகு இரண்டாவது பிள்ளையின் பெயரைக் கேட்டார். ராஜலிங்கம் கதிரையை விட்டு எழுந்து வெளியே போய், சின்னவளின் காதருகே குனிந்து அதை மூன்று தடவை சொல்லிவிட்டு, திரும்பி வந்து அவருக்கும் சொன்னார்.