போர்பாலாவின் இடத்தில் பெய்த பனி

வெண்டெல் சபடோஷ் மீது மட்டும் வெண்பனி பெய்தது. ஒரு குடை விரிக்கும் அகலத்துக்குப் பெய்தது. ஜனவரியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜூலையில் தெரியும். 1951இல் மனைவி எடெல்காவுடன் அவர் அமெரிக்காவில் மொனாங்கஹேலா ஆற்றங்கரையில் இருந்த அந்த உருக்காலை ஊருக்கு வந்து இறங்கியபோது, ஒரு பெட்டியும் நனைந்த தோள்களுமே அவர்களின் உடைமை. அங்கே முன்பே குடியேறியிருந்த ஹங்கேரியர்களின் புனித லாஸ்லோ சகோதர சங்கத்தார் அவரைப் பார்த்தார்கள். சங்க மண்டபத்தில் தண்ணீர் போகும் குழிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உருக்காலையில் வெக்கை தாங்காமல் மற்றவர்கள் வேலை மாற்றிக்கொண்டு ஓடும் உலைவாயில் அவருக்கு வேலை கிடைத்தது. பாதிரியார் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார், ஒரு வாளியோடு.

சங்கம் யாரையும் சும்மா விடுவதில்லை. கோடை விருந்துகளில் பீர் பீப்பாய்களுக்கும் உருளைக்கிழங்கு சாலடுக்கும் நடுவில் வெண்டெல் நின்றார். வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில், நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழு அவரைப் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. காலடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் அவர் தோளிலிருந்து பனியை வழித்துத் தின்றார்கள். அதில் லேசாகப் புகைவாசம் இருந்தது. நாய்கள் அதைத் தொடுவதில்லை.

அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1943 குளிர்காலத்தில், ஹங்கேரியப் படையோடு அவர் ருஷ்யாவில் டான் ஆற்றங்கரையிலிருந்து பின்வாங்கியபோது ஆரம்பித்தது. சங்கத்தின் மூத்த பெண்களில் ஒருத்தியான போர்பாலா ஹெகெதூஷ் அந்தப் பனியை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தப் படையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவளுடைய ஒரே மகன் லாயோஷ் அமெரிக்கச் சீருடையில் இத்தாலியில் செத்தான். வெண்டெலின் படை யாரோடு சேர்ந்து நின்றதோ, அந்த ஜெர்மானியர்கள் சுட்ட குண்டு அது. போர் முடிந்து அவன் பெட்டியில் வந்தான். சங்கத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் புதைத்துவிட்டு, பக்கத்து இடத்தை அவள் தனக்கென்று வாங்கி வைத்தாள்.

இளையவர்கள் அவளை மரியாதையாக ‘நேனி’ என்பார்கள். செவ்வாய்தோறும் மண்டபச் சமையலறையில் பெண்கள் மாவுத் துண்டுகளை வரிப்பலகையில் உருட்டி நத்தை வடிவச் சுருள்கள் செய்வது அவள் மேற்பார்வையில். அவை படைவீரர் மருத்துவமனையின் ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குப் போகும். ஒவ்வொரு மே மாதமும், மாண்ட வீரர்களின் நினைவுநாளில், கல்லறைகளில் கொடி நடுவதும் அவள் பொறுப்பு. இந்த நாட்டுச் சீருடை போட்டவனுக்கு மட்டும்தான் கொடி. சங்கத்தில் அந்த விதியை எழுதவைத்தவள் அவளே.

ஒரு ஜூலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எடெல்கா கணவரை அனுப்பினாள். போர்பாலா கதவைத் திறக்கவில்லை. அவர் வெளியே, திறந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

“அங்க என்ன பண்றே சபடோஷ்?”

“எடெல்கா அனுப்புனா நேனி. குளுந்த காத்து மட்டும் உள்ள வரட்டும்.”

“நான் உன்ன வரச் சொல்லல.”

“தெரியும். உள்ள வர மாட்டேன், தொப்பிகூடக் கழட்டல பாருங்க.”

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். “இது எப்ப ஆரம்பிச்சுது?”

“எல்லாரும் நடந்தாங்க. நான் முடியாம உக்காந்துட்டேன். எந்திரிச்சப்ப கூடவே வந்துடுச்சு.”

“யாரையாவது சுட்டியா?”

“சுட்டேன் நேனி.”

ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் சூப் வைத்தாள். எடுப்பதற்குள் அது ஆறிவிட்டது. ஆறியதையே அவர் குடித்தார். வெயில் தணியும்வரை தினமும் வந்தார். அவள் பிழைத்தாள். கொடி விதி மாறவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு பிப்ரவரியில், வெண்டெல் தூக்கத்திலேயே இறந்தார். ஊரே பனிக்குள் கிடந்தது. சங்கத் தலைவன் காஷ்பார் லெங்யெல், கொரியப் போரின் குளிரில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவன், இடம் குறிக்கப் போனான். அடையாளக் கற்கள் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தான். ஏப்ரலில் ஊர்ப் பனி உருகியது. வெண்டெலின் கல்லறைமேல் மட்டும் பெய்துகொண்டே இருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அது பெய்த இடத்தைப் பார்த்துத்தான் காஷ்பாருக்குத் திக்கென்றது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போர்பாலாவிடம் போனான்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு நேனி. உங்க எடத்துல வெண்டெல் படுத்திருக்காரு.”

“நான் இன்னும் சாகலையேடா. அதுக்குள்ள குடிவச்சுட்டியா?”

“தோண்டி மாத்திடலாம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

அவள் உடனே சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எடெல்கா வந்து, வரிப்பலகையை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். தட்டு நிறையும்வரை இருவரும் உருட்டினார்கள்.

“கேக்கக் கூடாதுதான் நேனி,” என்றாள் எடெல்கா. “அவர மறுபடி எழுப்பாதீங்க. கெளம்பிக் கெளம்பியே இங்க வந்து சேந்தவரு.”

“எம் பையன் பக்கத்துல படுக்க நான் இருபது வருசமாக் காத்துட்டு இருக்கேன்டி.”

“தெரியும் நேனி.”

“நினைவுநாள் வரட்டும். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்.”

நினைவுநாள் காலையில் கொடிப் பெட்டியோடு அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். எடெல்காவும் காஷ்பாரும், மண்வெட்டிகளோடு குழி தோண்டுகிறவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். வெண்டெல் பக்கத்திலிருந்து பனி சரிந்து லாயோஷின் பெயரை மூடியிருந்தது. போர்பாலா கொட்டகையிலிருந்து ஒரு மண்வாரியை எடுத்துவந்து மகன்மேல் கிடந்த பனியை வாரினாள். வார வார, பக்கத்திலிருந்து சரிந்தது. இதை நிறுத்த வேண்டுமானால் அந்தப் பக்கத்தையும் வாரியாக வேண்டும். அவள் அந்தப் பக்கம் போனாள்.

“நேனி, குடுங்க, நான் வாருறேன்,” என்றான் காஷ்பார்.

“கால்வெரல் இல்லாதவன் வழுக்கி விழுவே. தள்ளு.”

வாரி முடிக்க வெகுநேரம் ஆனது. கீழே புல் பச்சையாக இருந்தது. அவள் தலையிலும் தோளிலும் பனி விழுந்து தங்கியது. அவள் தட்டிவிடவில்லை. மண்வாரியை ஊன்றிக்கொண்டு, வெயிலில் வியர்த்து நின்ற மற்றவர்களைப் பார்த்தாள்.

“அப்ப, தோண்டச் சொல்லவா நேனி?” என்றான் காஷ்பார்.

“இப்பத்தானே சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். எவனாவது கெளறிப் பாக்கட்டும்.”

எடெல்கா கொடிப் பெட்டியைப் பார்த்தாள். போர்பாலா அதைக் கவனித்தாள்.

“கொடி லாயோஷுக்குத்தான்,” என்றாள்.

“ஆமா நேனி,” என்றாள் எடெல்கா. பிறகு கைக்குட்டையை எடுத்து போர்பாலாவின் தோளிலிருந்த பனியைத் துடைத்தாள்.

போர்பாலா அதற்குப் பிறகு ஆறு நினைவுநாட்கள் பனி வாரினாள். இறந்தபோது அவள் சொல்லிவைத்திருந்தபடி வெண்டெலின் மறுபக்கத்தில் புதைத்தார்கள். மகனுக்கும் தாய்க்கும் நடுவில் அவர் கிடக்கிறார். பனி இப்போது மூன்று கல்லறைகளின் அகலத்துக்குப் பெய்கிறது. உருக்காலையை மூடிவிட்டார்கள். சங்கம் இருக்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில், நோயாளிகளைப் பார்க்கும் குழுவினர் மூச்சு வாங்குகிறவர்களை வண்டியில் ஏற்றிவந்து அங்கே நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். பெண்கள் வரிப்பலகைகளோடு வருகிறார்கள். அந்தக் குளிரில் மாவு கையில் ஒட்டுவதில்லை. விதி அப்படியே இருக்கிறது. அந்த மூன்று கல்லறைகளுக்கும் சேர்த்துக் கொடி ஒன்றுதான். மண்வாரி இரண்டு. போர்பாலாவின் மண்வாரிக்குப் பிடி தேய்ந்துவிட்டது.